சுட்டுவிரலுக்கு 14 சதவீதம்

மகாராஷ்டிரத்தின் அன்றைய உஸ்மானாபாத் மாவட்டத்தில் ஒரு சர்க்கரை ஆலை. அங்கே காவலாளியாக இருந்த ஒருவருக்கு அதிகாலை 3 மணிக்குப் பணி தொடங்கும். 2003 ஏப்ரல் 22 அன்று வீட்டிலிருந்து கிளம்பியவர், ஆலைக்கு இன்னும் 5 கிலோமீட்டர் இருக்கும்போது சாலை விபத்தில் இறந்துபோனார். மனைவி, நான்கு பிள்ளைகள், தாய் என்று அத்தனை பேரும் அவர் சம்பளத்தை நம்பியிருந்தவர்கள். இழப்பீட்டு ஆணையர் 3,26,140 ரூபாயும் அதற்கு வட்டியும் கொடுக்கச் சொன்னார். காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. வேலைக்குப் போகிற வழியில் நடந்தது வேலை விபத்து ஆகாது என்று 2011இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஆணையர் சொன்னதே சரி என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது தேதி 2025 ஜூலை 28. விபத்து நடந்து 22 ஆண்டுகள் கடந்திருந்தன.

இழப்பீட்டு மனுவை 3 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று இழப்பீட்டுச் சட்டத்தின் 2009 திருத்தம் ஆணையருக்குக் கெடு வைத்தது. அதற்கு மேலே இருக்கிற நீதிமன்றங்களுக்கு அப்படிக் கெடு எதுவும் இல்லை.

ஆனாலும் இந்த வழக்கில் கவனிக்க வேண்டிய நல்ல அம்சம் ஒன்று உண்டு. ஆலை முதலாளி என்ன தவறு செய்தார் என்று அந்த மனைவியிடம் யாரும் கேட்கவில்லை. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் காயம் ஏற்பட்டதா என்பது மட்டுமே கேள்வி. இது சின்ன விஷயம் இல்லை. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் காயம்பட்ட தொழிலாளி நீதிமன்றம் போனால், "உன் சக தொழிலாளியின் கவனக்குறைவால்தானே நடந்தது, முதலாளி என்ன செய்வார்?" என்பார்கள். "ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தாய்?" என்பார்கள். முதலாளியின் குற்றத்தை நிரூபிக்கத் தேவையில்லை, விபத்து என்பது தொழில் நடத்துவதற்கான செலவில் ஒரு பங்கு என்ற எண்ணம் ஜெர்மனியில் 1884இலும் பிரிட்டனில் 1897இலும் சட்டமானது. இந்தியாவுக்கு அது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமாக வந்து, 1924 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருந்தது. நூறாண்டு கழித்தும் அந்த அடிப்படையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை எல்லாம் அந்த உரிமை தொழிலாளியின் கைக்கு வந்து சேருகிற வழியில்தான் இருக்கிறது.

வழி இரண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த இ.எஸ்.ஐ. ஒன்று. மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிறவர்களுக்கான காப்பீடு அது. சம்பளத்தில் தொழிலாளி 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் கட்டுகிறார்கள். இ.எஸ்.ஐ.க்குள் வராதவர்களுக்கு, 2025 நவம்பரில் புதிய சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வரும்வரை, 1923ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே முதலாளியே தன் கையிலிருந்தோ, அவர் எடுத்துவைத்த காப்பீட்டிலிருந்தோ கொடுக்க வேண்டியிருந்தது. ஒன்றில் இருப்பவர் மற்றொன்றைக் கேட்க முடியாது என்று உச்சநீதிமன்றம் 1996இல் சொல்லிவிட்டது.

இரண்டும் ஒரே காயத்துக்கு எப்படிக் கணக்குப் போடுகின்றன என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். 35 வயதுக்காரர், மாதச் சம்பளம் 15,000, வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன என்று வைத்துக்கொள்வோம். சட்ட அட்டவணைப்படி இது 20 சதவீத உழைப்புத் திறன் இழப்பு. 1923 சட்டத்தின்படி, சம்பளத்தில் 60 சதவீதமான 9,000 ரூபாயை 35 வயதுக்கான காரணியான 197.06ஆல் பெருக்கி, அதில் 20 சதவீதம் எடுத்தால் 3,54,708 ரூபாய். ஒரே தடவையில் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். இ.எஸ்.ஐ.யில் இருந்தால் சம்பளத்தின் 90 சதவீதத்தில் ஐந்தில் ஒரு பங்கு, தோராயமாக மாதம் 2,700 ரூபாய், உயிரோடு இருக்கும்வரை வரும். இடையில் ஒரு பைசா உயராவிட்டாலும் 65 வயதுக்குள் 9,72,000 ரூபாய் ஆகிவிடும். காயம் ஆறும்வரை வேலைக்குப் போகாத நாட்களுக்கும் இ.எஸ்.ஐ. 90 சதவீதச் சம்பளம் தருகிறது. பழைய சட்டத்தில் அது பாதிதான். இறந்தவரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இ.எஸ்.ஐ. மாதாமாதம் பணம் தருகிறது. மொத்தமாக வந்த தொகையை உறவுக்காரர்கள் கடனாகக் கேட்டு வாங்கிப்போகிற கதை அங்கே இல்லை. வேலையில் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் இந்தப் பலன் உண்டு, இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. சிங்காநல்லூரிலோ கே.கே. நகரிலோ இ.எஸ்.ஐ. மருத்துவமனை வரிசையைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறவர்கள், வரிசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இந்த உரிமையை எடைபோட்டுப் பார்க்க வேண்டும். இந்தியத் தொழிலாளிக்குச் சட்டம் கொடுத்திருப்பவற்றில் மிக நல்லவற்றுள் இது ஒன்று.

அப்படியானால் சிக்கல் எங்கே? அதற்குப் பட்டறைக்குள் போக வேண்டும்.

பவர் பிரஸ் என்பது தகட்டை அச்சில் வைத்து, மேலிருந்து பல டன் எடையை இறக்கி வெட்டும் இயந்திரம். தொழிலாளி தகட்டை உள்ளே வைக்கிறார், பெடலை மிதிக்கிறார், அச்சு இறங்கி ஏறுகிறது, வெட்டிய துண்டைக் கையால் எடுக்கிறார். ஒரு ஷிப்டில் இதே அசைவு ஆயிரக்கணக்கான முறை. கிளட்ச்சில் இருக்கும் சாவி தேய்ந்துபோனால், ஒருமுறை மிதித்ததற்கு அச்சு இரண்டு முறை இறங்கும். இரண்டாவது முறை இறங்கும்போது துண்டை எடுக்கப்போன கை உள்ளே இருக்கும். இதைத் தடுக்க வழி இல்லாமல் இல்லை. இரண்டு பொத்தான்களை இரண்டு கைகளாலும் அழுத்தினால்தான் அச்சு இறங்கும் என்ற ஏற்பாடு உண்டு; குறுக்கே கை வந்தால் இயந்திரத்தை நிறுத்தும் சென்சாரும் உண்டு. ஆனால் இரு கையும் பொத்தானில் இருந்தால் மணிக்கு இத்தனை துண்டு என்ற கணக்கு எட்டாது. ஒரு பொத்தானில் குச்சியைச் செருகி வைத்துவிடுவார்கள். சென்சாரின் வயரைக் கழற்றி வைத்துவிடுவார்கள். சூப்பர்வைசருக்குத் தெரியாமல் இதெல்லாம் நடப்பதில்லை.

பாதுகாப்புச் சாதனத்தைத் தொழிலாளி வேண்டுமென்றே அகற்றியிருந்தால் முதலாளி இழப்பீடு தரத் தேவையில்லை என்கிறது இழப்பீட்டுச் சட்டம். மரணத்துக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் இந்தச் சாக்கு செல்லாது. விரல் போனவரிடம் செல்லும். குச்சியைச் செருகியது யார் என்று விபத்துக்கு மறுநாள் யார் சாட்சி சொல்வார்கள்? பக்கத்து மெஷினில் நிற்பவருக்கும் அதே முதலாளிதான் சம்பளம் தருகிறார்.

அடுத்து மருத்துவமனை. அரசு மருத்துவமனைக்குப் போனால் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், அந்த ஏ.ஆர். காப்பி பின்னால் பெரிய ஆதாரம். ஆகவே தெரிந்த தனியார் மருத்துவமனைக்கு வண்டி போகிறது. "மெஷினில் மாட்டியது என்று சொல்லாதே, போலீஸ் கேஸ் ஆகிவிடும், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பார்கள். வீட்டில் கதவிடுக்கில் நசுங்கியது, வண்டியிலிருந்து விழுந்தது என்று எழுதப்படும். செலவை முதலாளி உண்மையிலேயே பார்த்துக்கொள்வார். ஆயிரக்கணக்கில் செலவழிப்பார், மருத்துவமனைக்கு வந்து நலம் விசாரிப்பார், வீட்டுக்குப் பழம் வாங்கி அனுப்புவார். அந்த நன்றியுணர்வில் தொழிலாளி வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். கெட்ட எண்ணம் இல்லாத முதலாளிகளும் இதைத்தான் செய்கிறார்கள் என்பதை மறுக்க முடியாது. அவர்களுக்கும் சட்டம் தெரியாது, ஆய்வாளர் மீதான பயம் மட்டும் தெரியும். ஆனால் மருத்துவச் செலவு வேறு, இழப்பீடு வேறு. மருத்துவச் செலவை முழுக்க ஏற்க வேண்டியது 2009 திருத்தத்துக்குப் பிறகு முதலாளியின் தனிக் கடமை. அதைச் செய்ததற்காக லட்சக்கணக்கான இழப்பீட்டுக் கடன் தீர்ந்துவிடாது.

அந்த வெள்ளைத்தாளுக்கும் மதிப்பில்லை. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்கிறது சட்டம். இறந்தவருக்கான தொகையைக் குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்தால் சட்டம் அதை இழப்பீடாகவே கணக்கில் சேர்க்காது, ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். ஒப்பந்தக்காரர் ஆள் என்று சொல்லி முதன்மை முதலாளி தப்ப முடியாது. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி, நியாயமான காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் 50 சதவீதம்வரை அபராதம். இ.எஸ்.ஐ.யில் பெயரைப் பதியாமல் விட்டிருந்தாலும் தொழிலாளி காப்பீடு பெற்றவராகவே கருதப்பட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சட்டத்தை எழுதியவர்கள் ஏமாற்று வேலைகளை நன்றாகவே முன்கூட்டி யோசித்திருக்கிறார்கள்.

ஆனால் இந்தப் பாதுகாப்புகள் எல்லாம் மனு போட்டவருக்கு மட்டுமே. 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையர் மன்னிக்கலாம். மனு போடுவதற்கு, அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2017 மே மாதம் ஒரு திருத்தம் வந்தது: வேலைக்குச் சேர்க்கும்போதே இழப்பீட்டு உரிமையைத் தொழிலாளிக்குப் புரிகிற மொழியில் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், தவறினால் 50,000 முதல் 1 லட்சம் ரூபாய்வரை அபராதம். படித்துப்பார்த்தால் மனசுக்கு நிறைவான பிரிவு. கோவையின் ஒரு வார்ப்படப் பட்டறையில் வேலை பார்க்கும் பீகார்க்காரர் கையில் இந்தியில் அச்சிட்ட அப்படி ஒரு தாள் இருந்தால் எவ்வளவு மாறியிருக்கும்! சேர்க்கும்போது எந்தத் தாளும் கொடுக்காமல் வாய்வார்த்தையில் ஆள் எடுக்கிற இடத்தில் இந்தத் தாளை மட்டும் யார் கொடுப்பார்கள் என்ற கேள்வியை அந்தத் திருத்தம் கேட்டுக்கொள்ளவில்லை. ஹரியானாவின் குர்காவ், மானேசர் பகுதியில் வாகன உதிரிபாகத் தொழிலாளர்களுடன் வேலை செய்யும் 'சேஃப் இன் இந்தியா' அமைப்பு 2019 முதல் வெளியிட்டுவரும் ஆய்வறிக்கைகள் இதே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன: காயம்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு இ.எஸ்.ஐ. அட்டை கைக்கு வருவதே விரல் போன பிறகுதான்.

மனு போட்டு, வழக்கும் நடந்தால், அடுத்த தடை அட்டவணை. சுட்டுவிரல் முழுதும் போனால் 14 சதவீதம். நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. கட்டைவிரல் 30. ஒரு கை 60. இந்தப் பட்டியலால் ஒரு நன்மை உண்டு. பேரம் பேச இடமில்லை, மருத்துவரையும் வக்கீலையும் வைத்துச் சண்டை போட வேண்டியதில்லை. ஆனால் சுட்டுவிரல் போன காவலாளிக்கும் சுட்டுவிரல் போன நகை ஆசாரிக்கும் ஒரே 14 சதவீதம்தானா? 1975 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இதற்கு வழி காட்டியது. சினிமா தியேட்டரில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்தார். இடது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அட்டவணைப்படி அது பகுதி ஊனம். ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இந்த மனிதரைப் பொறுத்தவரை இது 100 சதவீத இழப்பு என்ற ஆணையரின் முடிவை நான்கு நீதிபதிகள் அமர்வு ஏற்றது. இழப்பீடு விபத்து நடந்த நாளிலேயே கொடுக்கக் கடமைப்பட்டது என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. மனிதனின் தொழிலைப் பார், உறுப்பை மட்டும் பார்க்காதே என்ற அந்தப் பார்வை அரைநூற்றாண்டாகத் தீர்ப்புகளில் மட்டுமே வாழ்கிறது. அட்டவணைக்குள் அது இன்னும் ஏறவில்லை. நல்ல வக்கீல் கிடைத்த தச்சருக்கு ஒரு தொகை, கிடைக்காதவருக்கு வேறொரு தொகை என்று ஆகிவிடுகிறது.

இதைவிடப் பெரிய அநியாயம் சம்பள உச்சவரம்பில் இருக்கிறது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்கில் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் 15,000 ரூபாய்க்கு மேல் எடுத்துக்கொள்ளப்படவில்லை. 2020 ஜனவரி 3 முதல் இதுதான் நிலையாக இருந்தது. அதற்கு முன் 2010 முதல் பத்தாண்டு அது 8,000 ரூபாயிலேயே நின்றது. 28,000 ரூபாய் வாங்கும் 40 வயது வெல்டர் ஒருவர் இறந்தால் என்ன ஆகும்? 21,000ஐத் தாண்டியதால் அவருக்கு இ.எஸ்.ஐ. இல்லை. பழைய சட்டத்தில் 15,000இல் பாதியை 184.17ஆல் பெருக்கி 13,81,275 ரூபாய். உண்மைச் சம்பளத்தை எடுத்திருந்தால் 25,78,380. அதே மனிதர் சாலையில் லாரி மோதி இறந்திருந்தால், மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் முழுச் சம்பளத்தையும் வருங்கால உயர்வையும் சேர்த்துக் கணக்கிட்டிருக்கும். கைத்தேர்ச்சியால் மேலே வந்த தொழிலாளியை, அந்தத் தேர்ச்சியின் காரணமாகவே இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் விழவைக்கிற இந்த ஏற்பாட்டுக்கு எந்த நியாயமும் சொல்ல முடியாது.

உத்தரவு வாங்கிய பிறகும் பணம் வராமல் போவதுண்டு. முதலாளி கட்டாவிட்டால் நில வருவாய் பாக்கியைப் போல வசூலிக்க வேண்டும் என்பது விதி. கோப்பு ஆட்சியர் அலுவலகம் போய், வட்டாட்சியர் அலுவலகம் போய், ஜப்தி செய்யப் போகும்போது வாடகைக் கொட்டகையில் இருந்த பட்டறை காலியாகியிருக்கும். காப்பீடு எடுத்துவைத்த முதலாளியிடம் வேலை பார்த்தவர் பிழைத்தார்.

விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஆலைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம் என்று ஊர்ப் பெயர்கள் நினைவில் நிற்கின்றன. பெரிய வெடிவிபத்து நடந்தவுடன் அரசு நிவாரணம் அறிவிக்கிறது. காசோலையை அமைச்சரோ ஆட்சியரோ கொடுக்கிறார். அது அரசின் கருணை, தேவையானது, வேகமாகவும் வருகிறது. முதலாளி தர வேண்டிய சட்டப்படியான இழப்பீடு அதற்கு அப்பால் தனியாக நிற்கிறது என்பது அந்தக் கூட்டத்தில் யார் வாயிலிருந்தும் வருவதில்லை. காசோலை வந்ததும் எல்லாம் முடிந்தது என்று குடும்பம் நினைத்துக்கொண்டால் அதன்மேல் பிழை இல்லை. அச்சங்குளத்தில் ஒருவர் பெயரில் உரிமம் பெற்ற ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் முதலாளி யார் என்பதே முதல் வழக்காகிவிடும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்து, இறந்தவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்தது. தொழிலாளர் சட்டம் தர முடியாததைச் சுற்றுச்சூழல் தீர்ப்பாயம் தர வேண்டிவந்தது கவலைக்குரிய நிலைமை. அதிலும் ஒரே நாளில் பலர் இறந்தால்தான் அப்படி யாராவது தானாக முன்வருகிறார்கள். தனியாக ஒருவர் ஒரு விரலை இழந்தால் யாரும் வருவதில்லை.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இவற்றில் சிலவற்றைத் தொட்டிருக்கின்றன. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்து, வேலையோடு தொடர்பு இருந்தால், இனி வேலை விபத்துதான். காவலாளியின் குடும்பத்தைப் போல யாரும் 22 ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. நியமன ஆணை கட்டாயம் ஆகியிருக்கிறது. அது நிஜமாகவே கொடுக்கப்பட்டால், வேலை பார்த்ததை நிரூபிக்கும் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். அபாயகரமான தொழில் என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் இ.எஸ்.ஐ. உண்டு. பாதுகாப்பு விதியை மீறியதால் தொழிலாளி இறந்தால், விதிக்கும் அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையைக் குடும்பத்துக்குத் தர நீதிமன்றம் உத்தரவிடலாம். இழப்பீட்டு வாய்பாட்டின் 50 சதவீதமும் 60 சதவீதமும் மட்டும் அப்படியே இருக்கின்றன. உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர்கள் தொழிலாளி என்ற வரையறைக்கு வெளியே நிற்பதால், இழப்பீட்டு அத்தியாயம் அவர்களுக்கு இல்லை.

வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு இழப்பீட்டுச் சட்டத்தின் 1995 திருத்தம் செய்த உதவியையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். அந்தக் குடும்பங்கள் மனு போடச் சென்னைக்கு வந்து அறை எடுத்துத் தங்க வேண்டியதில்லை. தாங்கள் குடியிருக்கும் பகுதியின் ஆணையரிடமே போடலாம். சொந்த ஊரில் யாராவது சொல்லிக்கொடுத்தால் பயன்படுகிற உரிமை இது.

எல்லாம் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வந்து முட்டுகிறது: விபத்தைப் பற்றிய முதல் தகவல் முதலாளியிடமிருந்து மட்டுமே வர வேண்டியிருக்கிறது. மரணமோ கடுமையான காயமோ நடந்தால் 7 நாளுக்குள் அவர் ஆணையருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்கிறது சட்டம். அனுப்பாவிட்டால்? தொழிலாளி இறந்ததாக எந்த வழியில் தகவல் கிடைத்தாலும், ஆணையரே முதலாளிக்கு நோட்டீஸ் அனுப்பி 30 நாளுக்குள் விளக்கம் கேட்கச் சட்டம் அதிகாரம் தருகிறது. செய்தித்தாளைப் பார்த்தே அவர் நடவடிக்கையைத் தொடங்கலாம். இந்த அதிகாரம் மரணத்துக்கு மட்டும்தான். கை போனவருக்கும் கண் போனவருக்கும் இதை விரிவாக்குவதில் சட்டச் சிக்கல் ஒன்றும் இல்லை. அரசு மருத்துவமனையில் ஏ.ஆர். பதிவானதும் காவல் நிலையத்துக்குத் தகவல் போகிறது. காயம் வேலையிடத்தில் ஏற்பட்டது என்று எழுதியிருந்தால், அதே தகவலின் ஒரு படி தொழிலாளர் துணை ஆணையருக்கும் இ.எஸ்.ஐ. கிளைக்கும் போக வேண்டும் என்று மாநில அரசு ஒரு ஆணை போடலாம். தனியார் மருத்துவமனைகள் மறைக்கும் என்பது உண்மைதான். விரல் நசுங்கி வந்தவரிடம் எங்கே வேலை பார்க்கிறீர்கள், எந்த மெஷின் என்று கேட்டு எழுதுவதை அவர்களுக்கும் கட்டாயமாக்கி, மறைத்தால் உரிமத்தின் மேல் கை வைக்கலாம். காயம்பட்டவர் மயக்கம் தெளிந்து எழுவதற்குள் அவர் பெயரில் ஒரு கோப்பு தொடங்கியிருக்கும். யாரும் நீட்டும் வெள்ளைத்தாளுக்கு முந்தைய தேதி அதில் இருக்கும்.